இலைக்கருகல்: பாக்டீரியா வெளியே அனுப்பும் சரக்கு

மிக்ஜாம் புயல் ஓய்ந்து மூன்றாவது நாள்தான் என்னால் வயலுக்குப் போக முடிந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழை முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடு மேற்குத் தாம்பரம். தெருவில் முழங்கால் தண்ணீர். நிலம் மணிமங்கலம் பக்கம், ஒரு ஏக்கர் இருபது சென்ட். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், நடுவில் நான் மட்டும் நெல் போடுகிறேன். 33 வருஷம் வங்கியில் மற்றவர்களுக்குப் பயிர்க்கடன் எழுதியவன், ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாகப் பயிர் வைத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். இது ஆறாவது சம்பா.

நட்டிருந்தது பிபிடி 5204. இயற்கை விவசாயி ஏன் பாரம்பரிய ரகம் போடவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் அடுக்ககத்தில் அரிசி வாங்கும் இருபது குடும்பமும் சன்ன அரிசிதான் கேட்கிறார்கள். அவர்களை மாப்பிள்ளை சம்பாவுக்குக் கொண்டுவர இன்னும் நாள் பிடிக்கும்.

பயிர் சாயவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இலை நுனியிலிருந்து மஞ்சள் கீழே இறங்குகிறது. மழையில் சத்தெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது, பயிருக்குப் பசி என்று முடிவு கட்டினேன். பத்து லிட்டர் டேங்குக்கு நூறு மில்லி மீன் அமிலம் கலந்து அடித்தேன். ஐந்து நாள் விட்டு இன்னொரு முறையும் அடித்தேன். பச்சை கட்டவில்லை. மஞ்சள் வைக்கோல் நிறமாகி, ஓரத்தில் அலை அலையாக நெளிந்து இறங்கியது. பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் வரப்பில் நின்று ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"பசி இல்ல சார் இது. நோவு. நீ நோவாளிக்கு விருந்து வச்சிக்கினு இருக்க."

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை ஒருவர் இருக்கிறார். ஒரு கட்டு இலையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் மைக்ராஸ்கோப் எதையும் எடுக்கவில்லை. "கண்ணாடி தம்ளர் இருக்கா சார்? நல்ல தண்ணி ஊத்துங்க" என்றார். பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். சில நிமிஷத்தில் வெட்டு வாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரே கலங்கிவிட்டது.

"இவ்ளோவும் பாக்டீரியா சார். சாந்தோமோனாஸ் ஒரைசே. பாக்டீரியா இலைக்கருகல் நோய்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷமாக நான் ஜீவாமிர்தம் காய்ச்சுகிறவன். பாக்டீரியா என்றாலே நமக்குக் கூட்டாளி, நிலத்தின் உயிர் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். நம் கூட்டங்களிலும் அப்படித்தானே பேசுகிறோம். அதே பாக்டீரியா என் பயிரைத் தின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து, ஒரு பாக்டீரியா எப்படிச் சாப்பிடுகிறது என்று இரண்டு மணி நேரம் கேட்டேன். பிறகு அவர் கொடுத்ததை எல்லாம் படித்தேன். புரிந்த வரையில் எழுதுகிறேன்.

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது, பல் கிடையாது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸ் அதன் உடம்பை விடப் பெரிய சங்கிலி, உள்ளே நுழையவே நுழையாது. அதனால் அது சமையலை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்கிறது. நொதிகளை உள்ளே தயாரித்து வெளியே அனுப்புகிறது. அவை வெளியில் இருப்பதை வெட்டிச் சர்க்கரையாகக் கரைத்துத் தருகின்றன. கரைந்ததை அது உறிஞ்சிக்கொள்கிறது. நம் எருக்குழியில் வைக்கோல் மக்குவதும் ஜீவாமிர்த டிரம்மில் பயறு மாவு கரைவதும் இப்படித்தான். செல்லுலோஸை வெட்டுவது செல்லுலேஸ், புரதத்தை வெட்டுவது புரோட்டியேஸ், மாவை வெட்டுவது அமைலேஸ்.

நொதி என்பது ஒரு புரதம். பாக்டீரியாவின் சுவரோ ஓட்டை விட்டுக் கட்டிய சுவர் இல்லை. ஓட்டை இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகி உயிர் போய்விடும். அப்படியானால் இவ்வளவு பெரிய சரக்கை எப்படி வெளியே தள்ளுகிறது? வங்கிக்காரன் புத்திக்கு இது டோக்கன் முறை மாதிரிதான் படுகிறது. வெளியே போக வேண்டிய ஒவ்வொரு புரதத்தின் தலைப்பிலும் இருபது முப்பது அமினோ அமிலத்தில் ஒரு சிறு வால் ஒட்டியிருக்கும். 'இது வெளியூர் சரக்கு' என்பதுதான் அதன் பொருள். சவ்வில் இருக்கும் வாசல் அந்த டோக்கனைப் பார்த்துத்தான் திறக்கும். புரதம் மடங்காமல், ஊசிக் காதில் நூல் கோர்ப்பது போல நீளவாக்கில் போகும். மறுபக்கம் போனதும் டோக்கனை வெட்டிவிடுவார்கள். அங்கே புரதம் மடங்கித் தன் வடிவத்துக்கு வந்து வேலையைத் தொடங்கும். புரதங்களின் மேலேயே விலாசம் எழுதியிருக்கிறது என்று காட்டியதற்காக குந்தர் புளோபல் 1999-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் ஆராய்ந்தது பெரிய உயிர்களின் செல்களை, ஆனால் முறை ஒன்றுதான்.

நம் மண்ணில் நிறைய இருக்கும் பேசில்லஸ் வகைக்கு வேலை சுலபம். ஒரே ஒரு சவ்வு. அதற்கு மேல் தடித்த சுவர் இருந்தாலும் அது கயிற்றுப் பாய் மாதிரி, இடுக்கு உள்ளது. சவ்வைத் தாண்டிவிட்டால் சரக்கு வெளியே வந்த மாதிரிதான். அதனால்தான் சலவைத்தூளில் போடும் நொதிகளைக்கூடத் தொழிற்சாலைகளில் பேசில்லஸை வைத்து எடுக்கிறார்கள். அது உமிழ்ந்ததை வடித்துக்கொண்டால் போதும்.

சாந்தோமோனாஸ் வேறு சாதி. அதற்கு இரண்டு சவ்வு, நடுவில் ஒரு சந்து, அந்தச் சந்தில் மெல்லிய சுவர். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் ஒரு சாயம் ஏற்றிப் பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரித்தார். ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ், விட்டுவிடுபவை கிராம் நெகட்டிவ். பேசில்லஸ் முதல் வகை, சாந்தோமோனாஸ் இரண்டாம் வகை. பெட்டக அறைக்கு முதலில் கம்பிக் கதவு, அடுத்து இரும்புக் கதவு இருக்குமே, அந்த மாதிரி இதற்கு இரண்டு கட்டம். டோக்கனைக் காட்டி முதல் சவ்வைத் தாண்டிச் சந்துக்கு வர வேண்டும். அங்கே மடிந்து உருவம் பெற்ற பிறகு வெளிச் சவ்வில் இருக்கும் வாசல் வழியாக வெளியே தள்ளப்பட வேண்டும். தள்ளுவதற்கு அடிப்பம்பு மாதிரி ஒரு அமைப்பு, ஒரு டஜனுக்கு மேல் புரதங்களால் ஆனது. இதை இரண்டாம் வகைச் சுரப்பு முறை என்கிறார்கள்.

காலராக் கிருமி தன் நச்சை வெளியே விடுவதும் இதே இரண்டாம் வகை வாசலில்தான். காலரா உயிரைக் குடிப்பது கிருமியாலா, அது உமிழும் சரக்காலா என்று ரொம்ப காலம் சண்டை நடந்தது. 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே, கிருமியை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீர் மட்டும் முயலின் குடலில் தண்ணீரை வரவழைக்கிறது என்று காட்டினார். நம் நாட்டுக்காரர். பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் வயலுக்கு வருகிறேன். இலை ஓரத்தில் தண்ணீர் கசியும் நுண் துளைகள் இருக்கின்றன, விடிகாலையில் நெல் நுனியில் முத்து நிற்பது அதனால்தான். சாந்தோமோனாஸ் அந்தத் துளை வழியாகவோ காயம் வழியாகவோ நுழைந்து, தண்ணீர் ஏறும் நாளத்தில் குடியேறுகிறது. செல்லுலேஸ், சைலனேஸ், இன்னும் சிலவற்றை உமிழ்ந்து நெல்லின் செல்சுவரை அரிக்கிறது. எருக்குழியில் வைக்கோலுக்கு நடப்பது இங்கே உயிரோடு நிற்கும் இலைக்கு நடக்கிறது.

இதை நிரூபித்தவர்களும் நம்மவர்களே. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோன்டி என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் இந்த இரண்டாம் வகை வாசல் பழுதான சாந்தோமோனாஸை எடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் வெளியிட்ட முடிவு: சைலனேஸ் வெளியே வர முடியாமல் உள்ளேயே தேங்குகிறது, நெல்லில் நோய் உண்டாக்கும் வலு குறைகிறது. வாசலை அடைத்தால் நோய்க்கிருமி பல் பிடுங்கிய பாம்பு.

அடுத்து அவர்கள் கண்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நெல் சும்மா நின்று தின்னக் கொடுப்பதில்லை. தன் சுவரை யாரோ அரிக்கிறார்கள் என்று அதற்குத் தெரிகிறது. தெரிந்ததும் பாதுகாப்பு வேலைகளைத் தொடங்கிவிடுகிறது. அதாவது நொதியை உமிழ்வது கிருமிக்கு ஆபத்தான வேலை. திருடன் பூட்டை உடைக்கிற சத்தத்தில் வீட்டுக்காரன் விழித்துக்கொள்கிறான். அதற்குக் கிருமி இன்னொரு ஆயுதம் வைத்திருக்கிறது. மூன்றாம் வகைச் சுரப்பு முறை என்று பெயர். இதில் சரக்கை வெளியே கொட்டுவதில்லை. தன் இரண்டு சவ்வையும் ஒரே மூச்சில் கடந்து, நெல் செல்லுக்குள்ளேயே குழாய் இறக்கி, சில புரதங்களை ஊசி போடுவது போல ஏற்றுகிறது. அந்தப் புரதங்கள் விழித்துக்கொண்ட வீட்டுக்காரனை மறுபடி தூங்க வைக்கின்றன. ஒரு கையால் பூட்டை உடைக்கிறது, மறு கையால் வாயைப் பொத்துகிறது. இந்த இரட்டை வேலையைச் சோன்டி குழு 2007-ல் எழுதியது.

ஊசி போடும் புரதங்களில் சில இன்னும் மோசம். அவை நெல் செல்லின் உட்கருவுக்கே போய், சர்க்கரையை வெளியே விடும் மதகின் மரபணுவை முடுக்கிவிடுகின்றன. நெல் தன் சர்க்கரையைத் தானே கிருமிக்கு ஊற்றுகிறது. மேடம் இதைச் சொன்னபோது, கடன் வாங்கியவனே மேலாளர் கையெழுத்தைப் போட்டுக் கடனை அனுமதித்த ஒரு பழைய கதை எனக்கு ஞாபகம் வந்தது. அது இங்கே வேண்டாம்.

சில நெல்லில் அந்த மதகு மரபணுவின் முகப்பு கொஞ்சம் மாறியிருக்கும். கிருமியின் சாவி அங்கே பொருந்தாது. பிஜே1 என்ற இந்திய நாட்டு நெல்லில் இப்படி ஒன்று கிடைத்தது, அதற்கு எக்ஸ்ஏ13 என்று பெயர். மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது எக்ஸ்ஏ21. இவற்றோடு எக்ஸ்ஏ5 என்பதையும் சேர்த்து, ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் மேலே சொன்ன மையமும் பிபிடி 5204-லேயே இலைக்கருகலைத் தாங்கும் 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி'யை உருவாக்கி, 2008-ல் அது வெளியானது. இது மரபணு மாற்றுப் பயிர் இல்லை. நெல்லோடு நெல்லைத்தான் ஒட்டினார்கள். எந்தக் குழந்தைக்கு எந்த மரபணு வந்தது என்று அடையாளம் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். நம் தோழர்கள் சிலர் ஆய்வகம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சாவி பொருந்தாத பூட்டைப் பாதுகாத்து வைத்திருந்தது ஒரு நாட்டு நெல். நாட்டு ரகங்களை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மரபணு மாற்றுப் பேச்சு வந்ததால் பி.டி. பற்றியும் ஒரு வார்த்தை. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்குத் தடை வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. கத்தரியில் போட்டது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸின் நச்சு மரபணு. அந்த நச்சைப் பாக்டீரியா உமிழ்கிறது என்று நான் பல வருஷம் பேசியிருக்கிறேன், அது தப்பு. படிக நச்சை அது வெளியே விடுவதில்லை. வித்து உண்டாகும் நேரத்தில் உடம்புக்குள்ளேயே படிகமாகச் சேர்த்து வைக்கிறது. கடைசியில் செல் வெடித்து வித்தும் படிகமும் வெளியே விழுகின்றன. புழு தின்று, அதன் காரத்தன்மை உள்ள குடலில் கரைந்தால்தான் நஞ்சாகிறது. அந்த மரபணு பயிருக்குள் போய்விட்டால் இந்த நேரம் காலமெல்லாம் கிடையாது, செடி எந்நேரமும் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

தாம்பரத்தில் மருந்துக் கடைக்காரர் என் இலையைப் பார்த்ததும் ஒரு சிறு பாக்கெட்டை எடுத்து வைத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடி. அதுவும் ஒரு மண் பாக்டீரியா வெளியே விடும் சரக்குதான், 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. காசநோய்க்கு முதலில் வந்த நல்ல மருந்து. கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனை. சின்ன வயதில் என் சித்தப்பா அங்கே எட்டு மாசம் படுத்திருந்தார், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் போட்டார்கள். அந்த மருந்தை வயலில் அடித்தால் அதற்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். பாக்கெட்டைத் திருப்பித் தள்ளினேன். கடைக்காரருக்குக் கோபம்.

ஆனால் அந்தப் பருவத்தைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. சாணக் கரைசல் தெளித்தேன். லிட்டருக்கு 20 கிராம் பச்சைச் சாணம், கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை வடிகட்டி அடிப்பது. வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்லும் முறை. நோய் தலைகாட்டும்போதே அடித்துப் பதினைந்து நாளில் மறுமுறை அடிக்க வேண்டும். நான் அடித்தது கதிர் வந்த பிறகு. முந்தின வருஷம் 75 கிலோ மூட்டை 25 கண்டது. அந்த வருஷம் 14, அதிலும் பாதி அரைப் பதர். பொங்கலுக்கு முன்னால் மனைத் தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

கணக்கு எழுதிப் பழகிய கை. என்னென்ன செய்தேன் என்று நோட்டில் வரிசையாக எழுதினேன். முதல் தப்பு, தழைச்சத்து. தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன், எருவும் போட்டேன், அது போதாமல் 150 கிலோ கடலைப் பிண்ணாக்கு. பிறகு நோய் வந்த பயிருக்கு மீன் அமிலம் வேறு. யூரியாதானே கெடுதல், நம் உரம் எவ்வளவு போட்டால் என்ன என்ற நினைப்பு. தழைச்சத்து மிகுந்து இலை கொழகொழவென்று வளர்ந்தால் கிருமிக்குச் சௌகரியம். அது யூரியாவில் வந்ததா பிண்ணாக்கில் வந்ததா என்று கிருமி பார்க்காது. இரண்டாவது தப்பு எங்கள் ஊர்ப் பழக்கம். ஆள் கிடைக்காமல் நாற்று நாற்பது நாள் முற்றிவிட்டது, நுனியைக் கிள்ளிவிட்டு நட்டார்கள். ஒவ்வொரு நாற்றிலும் ஒரு காயம். சுவரை உடைக்கக் கிருமி பாடுபட வேண்டிய இடத்தில் நானே கதவைத் திறந்து கொடுத்திருக்கிறேன். மூன்றாவது, மேல் வயல் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் கீழே போகும்.

2024 சம்பாவில் இருபத்தைந்தாம் நாள் நட்டோம், நுனி கிள்ளவில்லை. நடவுக்கு வந்த அம்மாக்களிடம் இதற்காகவே தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. பிண்ணாக்கு 60 கிலோவோடு நிறுத்தினேன். விதையைக் கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து வைத்தேன். அதுவும் சாந்தோமோனாஸ் மாதிரியே இரண்டு சவ்வுள்ள சாதிதான். அது மண்ணில் இரும்பை வளைத்துப் பிடிக்கும் சரக்கை உமிழ்ந்து, மற்ற கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. மேல் வயல் தண்ணீருக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டினேன், அதற்குப் பெரியவர் சம்மதிக்க ஒரு மாசம் ஆனது. இலையில் ஈரம் காயும் முன்னே வயலில் யாரையும் இறங்க விடவில்லை.

நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தது. மழை நின்ற அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்தாறு இலை கிள்ளிக்கொண்டு வந்து, சமையலறை ஜன்னலில் கண்ணாடி தம்ளரில் நிறுத்தினேன். வீட்டுக்காரி அந்தத் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்து, மேலே சிவப்பு நூல் கட்டிவிட்டாள். ஒன்பதாம் நாள் வடகிழக்கு மூலையில் எடுத்த ஒரு இலையில் பால் நூல் இறங்கியது. அன்று சாயங்காலமே சாணக் கரைசல் அடித்தேன், அந்த மூலைத் தண்ணீரை வடித்தேன். பதினைந்தாம் நாள் மறுபடி அடித்தேன். அந்த மூலையில் ஏழெட்டு சென்ட் கருகியது. மீதி நின்றது. 22 மூட்டை.

இந்த வருஷம் கால் ஏக்கரில் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி, பக்கத்திலேயே கால் ஏக்கர் தூயமல்லி, மீதியில் பழைய பிபிடி. மூன்றும் ஒரே தண்ணீர், ஒரே உரம். மூன்றிலிருந்தும் இலை கிள்ளிவர இப்போது மூன்று தம்ளர் வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரி இன்னும் இரண்டு நூல் கட்டியிருக்கிறாள், பச்சையும் நீலமும்.